முள் மட்டும்

ஊத்தான் மெலிந்தாங் பள்ளி மண்டபத்தில்
நூற்று நாற்பத்தேழாம் எண் நான்.
இரண்டாம் ஊசி.
மிஸ்ஸி நோராய்னி மருந்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்,
அளவு சரிதானா என்று நானே பார்த்துக்கொள்ள.
பார்த்தேன்.
பன்னிரண்டு வருடம் ஆலையின் எடைப்பாலத்தில் உட்கார்ந்தவளுக்கு
அளவென்றால் கண் தானாகப் போகும்.
டின்பால் தீர்ந்தபின் அடியில் ஒட்டிக்கிடக்குமே,
அவ்வளவுதான் இருந்தது.

அன்றிரவே வேலைக்கு வந்துவிட்டேன்.
பதினொன்றுக்குத் தோள் கல்லாச்சு.
பன்னிரண்டுக்குக் குளிர்.
இருபதடி தள்ளிக் கொதிகலன் இரைகிறது,
எனக்கோ பல் கிட்டுகிறது.

லோரிகள் வந்தபடி இருக்கின்றன, செம்பனைக் குலைகளோடு.
உருண்டையாய், சிவந்து, சுற்றிலும் முள்ளாய்.
ஒன்றரை வருடமாய்ச் செய்தியில் சுழல்கிற
அந்தக் கிருமியின் படத்தை
எங்கள் ஊருக்கு யாரும் வரைந்து காட்ட வேண்டியதில்லை.

ஊசி கொண்டுபோனது குலையை அல்ல.
ஒரு சீட்டு.
ஒரு முள்ளை எப்படிச் செய்வதென்று மட்டும் எழுதிய சீட்டு.
பழமில்லை, கொட்டையில்லை, முளைக்க ஒன்றுமில்லை.
என் தசை அதைப் படித்து
முள் முள்ளாய்ச் செய்து வாசலில் நட்டுவைக்கிறது.
சீட்டு சில நாளில் மக்கிப்போகும்,
எங்கள் ரசீதுத் தாளைவிடச் சீக்கிரம்.

ரோந்து வந்த ஒருவன் முள்ளில் துண்டு ஒடித்துக்கொண்டு
அக்குளுக்கு ஓடியிருக்கிறான்.
அங்கே நெல்லிக்காய் அளவில் வீக்கம், தொட்டால் வலி.
உள்ளே ஒரே கூட்டம், ஆளாளுக்கு ஒரு கொக்கி.
இது கோணல். அது குட்டை.
ஒன்று மட்டும் ஏறக்குறைய மாட்டுகிறது.
மாட்டியதை வளைக்கிறார்கள், திரும்ப வளைக்கிறார்கள்,
முள்ளை விடாமல் கவ்வும்வரை.
போன மாதமே தேறியவர்களும் இருக்கிறார்கள்;
அதே முள்ளை மறுபடி கண்டதும் கொதித்துவிட்டார்கள்.
என் காய்ச்சல் அவர்களுடையது.
கொக்கி இல்லாத இன்னொரு கூட்டமும் உண்டு:
கிருமி குடியேறிய வீட்டைக் கண்டால்
வீட்டோடு இடிப்பவர்கள்.

"காக், சாக்கிட் கா?"
ஜன்னலில் எட்டிப் பார்க்கிறான் லோரிக்கார ரோக்கிபுல்.
தோளைக் காட்டினேன். தன் தோளைக் காட்டிச் சிரித்தான்.
இருபத்தோரு டன் நானூறு கிலோ. போ.

அவனுக்கு முன்பு அந்த லோரியில் குலை ஏற்றியவன் வீரமலை.
உள்ளங்கையில் நாலு முள் ஒடிந்திருந்தாலும்
தேநீர்க் கோப்பையைப் பிடிப்பவன்.
பெயர் பதிந்து காத்திருந்தான்.
ஜூன் இருபத்திரண்டு என்று தேதி வந்திருந்தது.
மே பதினான்கில் தெலுக் இந்தான் ஆஸ்பத்திரியில் போய்விட்டான்.
அவன் அக்குளிலும் இதே கூட்டம் கூடியிருக்கும்,
இதே கொக்கிகளை வளைத்திருக்கும்.
படிக்கத் தெரியாத உடம்பில்லை அது.
பாடமும் பரீட்சையும் ஒரே நாளில் வந்து இறங்கின.
உடம்பு கேட்டது இரண்டு வாரம்.
நுரையீரல் தந்தது ஒன்பது நாள்.

மார்ச்சில் எனக்கும் வந்தது.
முள்ளின் வளைவு கொஞ்சம் மாறியிருந்ததாம்,
மூக்கடியில் காவலும் அதற்குள் தளர்ந்திருந்தது.
தொண்டையில் மணல். இரண்டு கோடு.
ஆனால் எலும்புச் சோற்றிலும் வேறெங்கெங்கோ
கண்மூடிக் கிடந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.
மார்புக்குள் இறங்கும் வழியிலேயே மறித்திருக்கிறார்கள்.
ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு நெத்திலிச் சம்பல்
மூக்கில் ஏறியது. தும்மினேன். பசித்தது.

ஏற்றிவந்த எடையில் காலி லோரியைக் கழிப்பதுதான் என் வேலை.
மிச்சம்தான் பழம்.
லோரி வராத நேரங்களில்
ஜூன் இருபத்திரண்டிலிருந்து மே பதினான்கைக் கழிக்கிறேன்.
முப்பத்தொன்பது.
திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.
முப்பத்தொன்பது.